நாலாவது பீங்கான்

கொம்பியூட்டர் என்ற சாமானை ஊரில் ஒருவரும் கண்ணால் கண்டிராத காலத்தில், கொம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று எப்படிக் கதைக்கின்றன என்று பாடம் நடத்தியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவர் கல்முனைக்குடியில் இருந்தார். வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. கலியாணப் பதிவிலும் கடவுச்சீட்டிலும் தவிர வேறெங்கும் அதை யாரும் உபயோகித்ததாக எனக்கு நினைவில்லை. ஊருக்கு அவர் பக்கட் சேர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நான் தட்டச்சு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கடைக்கார ஹாஜியார் ஒரு நாள் என்னைக் கேட்காமலே மாடியின் பின்பாதியை இவருக்குக் கொடுத்துவிட்டார். நடுவில் மருதமுனைச் சாறன்கள் ஐந்தாறைச் சேர்த்துத் தைத்து ஒரு திரை தொங்கியது. என் பக்கத்தில் எட்டு டைப்ரைட்டர்கள். அதில் இரண்டில் ‘க’ விழாது. அவர் பக்கத்தில் ஒரு கரும்பலகை, உட்கார மூன்று வாங்குகள், பதினொரு மாணவர்கள். கொம்பியூட்டர் மட்டும் இல்லை. அது இல்லாததை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சவூதியில் ஓர் எண்ணெய்க் கம்பனியின் தொடர்பறையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்தக் காலத்தில் சவூதியால் வந்தவர்கள் கடை போடுவார்கள், அல்லது வயல் வாங்குவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு கம்பளி, ஒரு ரேடியோ கசட், நீலப்பூப் போட்ட ஆறு பீங்கான் தட்டு, தலையணைத் தடிப்பில் ஓர் இங்கிலீசுப் புத்தகம். கம்பளியும் ரேடியோவும் மனைவிக்குப் போயின. பீங்கான்களும் மனைவிக்குத்தான். புத்தகத்தை வைத்து வகுப்பைத் தொடங்கினார்.

மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. எல்லோரும் விசாவுக்குக் காத்திருந்தவர்கள். மருதமுனையில் தறி அடிப்பவர் ஒருவர், சவளக்கடையில் வயல் செய்பவர் ஒருவர், அரிசி ஆலையில் மூட்டை நிறுப்பவரான ஆதம்பாவா, இப்படி. ‘டேட்டா’ படித்தவனுக்கு அறபு நாட்டில் குளிரறைக்குள் வேலை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வெயிலில் நின்று உழைத்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

முதல் பாடத்தைத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நானும் கேட்டேன். கேட்காமல் இருக்க வழியில்லை. அவர் குரல் அப்படி.

“இஞ்ச பாருங்க. ஒரு பெரிய கதைய ஒரேயடியா அனுப்ப ஏலா. துண்டு துண்டா வெட்டித்தான் அனுப்பணும். ஒரு துண்டு எண்டா ஒரு பக்கட். பக்கட்டுக்குத் தலை இரிக்கி, வயிறு இரிக்கி, வால் இரிக்கி. தலைக்குள்ள என்ன இரிக்கி?”

“மூளை சேர்,” என்றார் ஆதம்பாவா.

“தலைக்குள்ள விலாசம் இரிக்கி. ஆருக்குப் போகுது, ஆருட்ட இருந்து போகுது, எத்தனையாவது துண்டு. வயித்துக்குள்ள சரக்கு. வாலில கணக்கு. அனுப்பினவன் எத்தன சொல்லு அனுப்பினான் எண்ட கணக்கு. வாங்கினவன் எண்ணிப் பாக்கணும். கணக்கு இடிச்சா பக்கட் கெட்டுப் பெய்த்து எண்டு அர்த்தம்.”

“நம்பர் என்னத்துக்கு சேர்? முதல் அனுப்பினது முதல்தானே போய்ச் சேரும்?”

“சேராது. ஒரு துண்டு நேர் பாதையில போகும். ஒரு துண்டு ஊரெல்லாம் சுத்திப் போகும். பிந்தி அனுப்பினது முந்திப் போய்ச் சேரும். நம்பர் இல்லாட்டி வாங்கினவன் எல்லாத்தையும் தலைகீழா விளங்கிக்குவான்.”

இதைச் சொன்னதும் பாடத்தைப் பாதியில் விட்டார். யன்னல் பக்கம் போய் நின்றார் போலிருக்கிறது. பலகைத் தரையில் காலடிச் சத்தம் கேட்டது. அப்போது அதன் காரணம் எனக்குத் தெரியாது.

பக்கட்டின் இரண்டு முனையிலும் ஒரு கொடி நிற்க வேண்டும் என்றார். பள்ளிவாசல் கந்தூரிக்குக் கொடி ஏற்றினால் தொடக்கம், இறக்கினால் முடிவு. அதுபோல இங்கேயும் கொடியைக் கண்டால்தான் பக்கட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியுமாம். கொம்பியூட்டருக்குத் தெரிந்தது பூச்சியமும் ஒன்றும்தான். பூச்சியம், பிறகு ஆறு ஒன்று, பிறகு பூச்சியம். இதுதான் கொடி. செய்முறைப் பாடத்தில் எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி, “பூச்சியம் குந்தும், ஒண்டு எழும்பும்,” என்று கட்டளை போடுவார். முதலாமவர் குந்துவார், நடுவில் ஆறு பேர் எழும்புவார்கள், கடைசி ஆள் குந்துவார். அரிசி ஆலையிலும் வயலிலும் உரமேறிய உடம்புகள் இப்படி ஒரு மணித்தியாலம் எழும்பிக் குந்தினால் கீழே ஹாஜியார் கடையில் புடவைகள் தட்டில் இருந்து விழாமல் என்ன செய்யும்?

இதில் இன்னொரு சட்டம் இருந்தது. பக்கட்டின் வயிற்றுக்குள் ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்துவிட்டால், அடுத்ததாக ஒரு பூச்சியத்தைச் செருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறாவது ஒன்றும் சேர்ந்து, வயிற்றையே கொடி என்று மெசின் நினைத்துவிடும். நல்ல சட்டம்தான். ஆனால் மனுசர் அதை வெளியிலும் கடைப்பிடித்தார். பஸ் தரிப்பில் ஐந்து பேர் வரிசையாக நிற்கக் கண்டால், ஆறாவதாகப் போய்க் குந்திவிடுவார். “என்ன சேர், கால் வலியா?” என்று கேட்டால், “இல்ல, கொடி எண்டு நினச்சிரும்,” என்பார். யார் நினைப்பது என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை அவருடைய வால். எதைச் சொன்னாலும் கடைசியில் சொற்களின் கணக்கையும் சொல்லுவார். “மாஸ்டர், மழை வருது, யன்னலப் பூட்டுங்க. அஞ்சு.” நான் பதில் சொல்லாமல் யன்னலைப் பூட்டினால் காணாது. “ஓம்” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதையே திரும்பச் சொல்லுவார், “அஞ்சு” என்ற கணக்கோடு. பக்கட் வந்து சேர்ந்தால் வாங்கியவன் ‘ஓம்’ என்று ஒரு சின்ன பக்கட் திருப்பி அனுப்ப வேண்டும், அது வராவிட்டால் அனுப்பியவன் மறுபடி அனுப்ப வேண்டும் என்பது புத்தகத்தின் கட்டளை. தட்டச்சு படிக்க வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரு மாதத்தில் சேர் என்னையும் எதிரொலி மாதிரி ஓம், ஓம் என்று சொல்ல வைத்துவிட்டார் என்று சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வராத நாளில்லை. மாடியை விட்டு இவரைக் கிளப்ப வேண்டும் என்று ஹாஜியாரிடம் இரண்டு தடவை சொன்னேன். “பாவம் மாஸ்டர், அவர்ட உம்மா மௌத்தாகினதில இருந்து அப்படித்தான்,” என்றார் ஹாஜியார். பிறகு கதையையும் அவர்தான் சொன்னார்.

பக்கட் சேருக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு ராத்தா, மூத்தவர். சாய்ந்தமருதில் இருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு, உம்மாவும் ராத்தாவோடுதான். இவர் சவூதியில் இருந்தபோது உம்மா படுக்கையில் விழுந்தார். ராத்தா கடிதம் எழுதினார்: உம்மா உன்னைத் தேடுகிறா, வா. பதில் இல்லை. இரண்டாவது எழுதினார். மூன்றாவது எழுதினார். இவரோ பாலைவனத்துக்கு நடுவில் ஒரு கிளை நிலையத்தில். கடிதங்கள் தலைமை முகாமில் கிடந்தன. கடைசியில் இவர் கைக்கு முதலில் கிடைத்தது உம்மா மௌத்தாகிவிட்டார் என்ற மரணத் தந்தி. உம்மா மௌத்தாகிப் பதினாறாம் நாள்தான் மூன்று கடிதமும் ஒரே கட்டாகக் கிடைத்தன. மேலே இருந்தது மூன்றாவது கடிதம்.

ஊருக்கு வந்து ராத்தா வீட்டு வாசலில் நின்றார். ராத்தா கதவைத் திறக்கவில்லை. “உம்மா கதவையே பாத்துப் பாத்துக் கண்ண மூடினா. இப்ப என்னத்துக்கு வந்த?” என்று உள்ளே இருந்தே கேட்டாராம். நடந்ததைச் சொல்ல ஆள் அனுப்பினார். “எல்லாரும் தபாலத்தான் குறை சொல்லுறாங்க,” என்று ராத்தா திருப்பிவிட்டார். கடிதம் எழுதினார், உறை பிரியாமல் திரும்பி வந்தது. இரண்டு வருடம் இப்படியே போயிருந்தது.

இதைக் கேட்ட பிறகு யன்னலைப் பூட்டச் சொன்னால் நான் இரண்டு தடவை ஓம் சொன்னேன்.

அந்த வருட நோன்பில்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. ஒரு நாள் அசறுத் தொழுகைக்குப் பிறகு திரையை விலக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“மாஸ்டர், கடிதத்த ராத்தா வாங்க மாட்டா. ஆனா நோன்பு திறக்க அனுப்புற சாப்பாட்ட எந்த முஸ்லிமும் வேணாமெண்டு சொல்ல மாட்டான். நான் கடிதத்த ஆறு துண்டா வெட்டுறன். ஆறு பீங்கான் இரிக்கி. ஒரு பீங்கானுக்கு அடியில ஒரு துண்டு. வகுப்புக்குச் செய்முறையும் ஆகுது. முப்பத்தொண்டு.”

துண்டுகளை டைப் அடித்துக் கொடுத்தது நான். ஒவ்வொன்றிலும் தொடக்கத்திலும் முடிவிலும் பச்சைக் கோடு போட்டார், அது கொடி. பெறுபவர் ராத்தா, அனுப்புபவர் தம்பி, துண்டு இலக்கம், விசயம், கடைசியில் சொற்களின் கணக்கு. முதல் இரண்டு துண்டிலும் ஸலாமும் சுகமும். மூன்றாவது, நான் ஏன் வரவில்லை என்பதை அடுத்ததில் சொல்கிறேன் என்று முடிந்தது. ஐந்தாவது, நடந்தது இதுதான் என்று தொடங்கியது. ஆறாவதில் மன்னிப்பு. எல்லாம் தங்கியிருந்தது நாலாவதில். அது இன்னும் எனக்குப் பாடம்: “ராத்தா, உங்கள் மூன்று கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. அன்று உம்மா மௌத்தாகிப் பதினாறு நாள். முத்திரையைப் பாருங்கள். பதினான்கு.” அதற்குக் கீழே, கடிதக் கட்டின் மேல் உறையில், கையில் கொடுத்த அன்று முகாம் அலுவலகம் குத்திய தேதி முத்திரையைக் கத்தரித்து ஒட்டினார். மற்றத் துண்டுகளுக்கெல்லாம் பிரதி வைத்திருந்தார். முத்திரைக்குப் பிரதி இல்லை. அவரிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

மாணவர்கள் ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு பாதை. ஒருவர் பெரிய றோட்டால், ஒருவர் கடற்கரை வழியாக, ஒருவர் வயலைச் சுற்றி. அடியில் துண்டு ஒட்டிய பீங்கானை அவர் மனைவி நிரப்பித் துணியால் மூடிக் கொடுப்பா. அதை முதலில் மாடிக்குக் கொண்டுவந்து பதிவுப் புத்தகத்தில் இலக்கம் எழுதிய பிறகுதான் சாய்ந்தமருதுக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று நாளும் பிசகில்லாமல் நடந்தது.

நாலாம் நாள் ஆதம்பாவாவின் முறை. ஆலையில் அன்றைக்கு வேலை பிந்திவிட்டது. அவர் மாடிக்கு வந்தபோது நான் தொழுகைக்கு உளூச் செய்யப் பின்பக்கம் போயிருந்தேன். பீங்கானை என் மேசையில் வைத்துவிட்டு, நோன்பைத் திறந்துவிட்டு வந்து எடுக்கலாம் என்று அவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். நான் திரும்பி வரவும் நோன்பு திறக்கும் மஃரிபு பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. மேசையில் துணி போட்டு மூடிய ஒரு பீங்கான். திறந்தால் பெட்டிஸ், ஆறு. இறைச்சி வைத்தது, சூடு ஆறவில்லை. ஹாஜியார் வீட்டில் இருந்து அல்லாஹ் அனுப்பிய உணவு, ரிஸ்க் என்று பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். தனி ஆளாகக் கடைச் சாப்பாட்டில் கிடந்தவன் நான். ஆறாவது பெட்டிஸை எடுத்தபோதுதான் பீங்கானில் நீலப்பூ தெரிந்தது.

ஆறாவதைத் திருப்பி வைத்தேன். பிறகு, ஒன்று மட்டும் இருந்து என்ன பிரயோசனம் என்று அதையும் சாப்பிட்டேன்.

ஆதம்பாவா வந்தார். “மாஸ்டர், இஞ்ச ஒரு பீங்கான் வெச்சன்.”

“அது எடுத்தாச்சி,” என்றேன். நோன்பு மாதத்தில் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்லைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“சேர் வேற ஆள அனுப்பிட்டாராக்கும். நான் வெச்சிட்டுப் போனத அவருட்டச் சொல்லிராதீங்க,” என்று அவர் புத்தகத்தில் ‘நாலு, போனது’ என்று எழுதிவிட்டுப் போனார்.

பீங்கானை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். நாளைக்கு எப்படியாவது அதை நிரப்பி நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் வெறும் பீங்கானோடு ஒருவர் வீட்டுப் படியேற முடியுமா? மறுநாள் கடையில் பெட்டிஸ் முடிந்துவிட்டது. அன்றே ஐந்தாவது பீங்கான் போய்விட்டது. அதன் பிறகு நாலாவதைக் கொண்டுபோனால் கதை வெளியில் வந்துவிடும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது. கோழைக்குக் காரணத்துக்குப் பஞ்சம் வருவதில்லை.

ஆறும் போய் முடிந்தன. சாய்ந்தமருதில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு பீங்கானும் திரும்பவில்லை.

“ஓம் பக்கட் ஒண்டும் வரல்ல மாஸ்டர். அஞ்சு,” என்றார் மூன்றாம் நாள். மறுபடி அனுப்பப் போனால் மனைவி மறுத்துவிட்டா. ஆறு பீங்கானும் அங்கேதான் கிடக்கின்றன, இனி வாழை இலையில் சுற்றித்தான் கடிதம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டா. ஐந்தாம் நாள் வகுப்பு நடக்கவில்லை. ஆறாம் நாள் வந்து கரும்பலகையைச் சுவரில் இருந்து கழற்றினார். “மாஸ்டர், பலகைய ஹாஜியாருட்டக் குடுத்திருங்க,” என்றார். நான் காத்துக்கொண்டு நின்றேன். கணக்குச் சொல்லவில்லை. அந்த வால் இல்லாத பேச்சைக் கேட்டபோதுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உறைத்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்.

பெருநாளன்று தொழுகை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்று போனேன். புதுச் சாறனோடு நாற்காலியில் இருந்தார். பணியாரம் வந்தது. அவர் தொடவில்லை.

“ரெண்டு வருசக் கோபம் மாஸ்டர். ஆறு பீங்கானால ஆறுமா? ராத்தா ஒண்டையும் பாத்திரிக்க மாட்டா. பாத்திருந்தா ஒரு பீங்கானாவது திரும்பி வந்திரிக்கும்.”

உள்ளே இருந்து மனைவி சொன்னா: “உங்களுக்கு சவூதியில மூளை காஞ்சி பெய்த்து. கோபமெண்டா அண்டைக்கே திரும்பி வந்திரிக்கும். மூடின துணி மூடினபடி. திரும்பி வராட்டி வெச்சிக்கிட்டா எண்டுதான் அர்த்தம். வெறும் பீங்கானத் திருப்பி அனுப்ப அவ என்ன, மனிசி இல்லையா? பெருநாளைக்கு என்னத்தையும் வெச்சி அனுப்பத்தான் பாத்திட்டு இரிப்பா.”

பக்கட் சேர் மனைவியின் குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம் கம்பனிக் கன்ரீன் தட்டில் சாப்பிட்டதில் ஊர் வழக்கமே அவருக்கு மறந்துபோயிருந்தது. புத்தகத்தில் பதில் வராவிட்டால் பக்கட் தொலைந்தது என்று அர்த்தம். எங்கள் தெருக்களில் பீங்கான் வராவிட்டால் பக்கட் கிடைத்தது என்று அர்த்தம். இது எனக்கும் தெரியாமல் இல்லை. பீங்கான் என்று பேச்செடுக்க எனக்கு வாய் இல்லாததால் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அந்த நேரம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ராத்தாவைக் கட்டிய மாப்பிள்ளை. பின்னால் ஒரு பெரிய பனையோலைப் பெட்டி. ஸலாம் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். நீலப்பூப் பீங்கான் ஐந்து. ஒன்றில் பணியாரம், ஒன்றில் வட்டிலப்பம், ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் முட்டை, ஒன்றில் சீனி. ஒவ்வொரு பீங்கானின் விளிம்பிலும் ஒரு கடதாசித் துண்டு செருகி, அதில் ராத்தாவின் கையெழுத்தில் இலக்கம் போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு.

“மச்சான்,” என்றார் அவர், மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்கிற மாதிரி. “ராத்தா இப்படிச் சொல்லச் சொன்னா. நாலாவது இன்னும் வரல்ல. திரும்பவும் அனுப்பு. மறுகா ‘அஞ்சு’ எண்டும் சொல்லச் சொன்னா. அது என்னெண்டு எனக்கு விளங்கல்ல.”

பக்கட் சேர் விரலை மடக்கி எண்ணினார். நாலாவது, இன்னும், வரல்ல, திரும்பவும், அனுப்பு. ஐந்துதான். கணக்கு இடிக்கவில்லை. எண்ணி முடித்த விரல்களை அப்படியே முகத்தில் வைத்து மூடிக்கொண்டார். ராத்தா ஒவ்வொரு துண்டையும் வாசித்திருக்கிறார், வரிசைப்படுத்தியிருக்கிறார், வாலில் இருந்த கணக்கையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். பதினொரு மாணவர்களும் சேர்ந்து ஆறு மாதம் படித்ததை அந்த மனுசி ஒரு பாடமும் கேட்காமல் நோன்புக்குள் படித்து முடித்துவிட்டார்.

“நாலாவது போகத்தானே செய்தது,” என்றார் முகத்தில் இருந்து கையை எடுத்து. “ஆதம்பாவா எழுதியிருக்கான். வழியில எங்கேயோ விழுந்திரிக்கி. முத்திரை இனி ஏது?”

நான் எழும்பி நின்று சொன்னேன். பாங்கில் இருந்து தொடங்கி, ஆறாவது பெட்டிஸ் வரைக்கும், லாச்சி வரைக்கும் சொன்னேன். ராத்தாவின் மாப்பிள்ளை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. என்னை அடித்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். பக்கட் சேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மாஸ்டர், பெட்டிஸ் எப்படி இருந்திச்சி? நாலு.”

“ஓம்,” என்றேன்.

மாடிக்கு ஓடினேன். லாச்சியைத் திறந்து, பீங்கானின் அடியில் இருந்து துண்டைத் தண்ணீர் தொட்டு உரித்தேன். எழுத்தும் முத்திரையும் அழியாமல் இருந்தன. பீங்கானை எடுக்கக் கை போனது. வெறும் பீங்கான். அதை உள்ளேயே வைத்துவிட்டுத் துண்டோடு இறங்கினேன். கீழே பக்கட் சேர் சைக்கிளில் காத்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ராத்தா வாசலில் நின்றார். மெலிந்த மனுசி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். திறந்திருந்த கதவுக்குப் பின்னால் ஒரு மேசை தெரிந்தது. அதில் பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஐந்து துண்டையும் ஒட்டியிருந்தார். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு துண்டளவு இடம் விட்டிருந்தது.

பக்கட் சேர் துண்டை நீட்டினார். ராத்தா வாங்கினார். உதடு அசைய வாசித்தார். விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணினார். பிறகு முத்திரையை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

“பதினாறு நாளா?”

“ஓம் ராத்தா. ரெண்டு.”

ராத்தா கதவோரம் ஒதுங்கி நின்றார்.

“உள்ள வா. ரெண்டு.”

உள்ளே அவர்கள் அழுததைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. நான் வெளியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டு இருத்தினார்கள். வைத்த தட்டில் பெட்டிஸும் இருந்தது. நான் வாழைப்பழம் சாப்பிட்டேன்.

கரும்பலகையை மறுநாளே நான் திருப்பி மாட்டினேன். ஆதம்பாவாவுக்கு விசா வந்து, குளிரறைக்குள் இல்லாவிட்டாலும் குளிரறைக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தது. பின்னால் கலவரமும் கதவடைப்பும் வந்து, பாதைகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தபோது, வெளிநாட்டில் பிள்ளை வைத்திருந்தவர்கள் கடிதம் டைப் அடிக்க என்னிடம் வருவார்கள். மேலே இலக்கமும் கீழே சொற்களின் கணக்கும் போடச் சொல்லிக் கேட்பார்கள். அது எங்கே இருந்து வந்த வழக்கம் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. பெற்ற தாய்க்கு ஒரு கடிதம் பிந்திப் போய்ச் சேர்வது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பக்கட் சேர் மௌத்தாகிச் சில வருடங்களாகின்றன. உயிரோடு இருந்தபோது எங்கே கண்டாலும், “மாஸ்டர், ஒரு பீங்கான் இன்னும் வரல்ல. அஞ்சு,” என்பார். நான் “ஓம்” என்பேன். அவசரமில்லை என்று சிரிப்பார். அது இப்போதும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன். வெறும் பீங்கானைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அவருக்கென்று அதில் வைத்துக் கொடுக்கப் போதுமான ஒன்று இன்று வரைக்கும் என் கையில் அகப்படவில்லை.